மெஷின்ல இருக்கறவன்கிட்ட பேசாதே

டுவேன்: இன்னும் ஓங்கி அடி ஆர்லிஸ். கொசுவையா அடிக்கிறே?

ஆர்லிஸ்: சுத்தியல் கழண்டு உன் மண்டையில விழுந்தா அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.

டுவேன்: விழட்டும். உள்ள ஒண்ணும் இல்ல, சேதாரம் கம்மி. அடி!

ஆர்லிஸ்: இந்தா!... போதுமா?

டுவேன்: காட்டு. ம்ம்... தட்டையாப் போயிடுச்சு. ஆனா பாரு, நீலம் உரியல. ஈயம் எங்கயும் வெளிய தெரியல. இந்தக் குண்டு தேறும்.

ஆர்லிஸ்: அவ்வளவுதானா சோதனை? நான் என்னமோ பெருசா நெனச்சேன்.

டுவேன்: பின்ன? ஈயக் குண்டு மேல கலர்ப் பொடியைப் பூசி அடுப்புல வேக வெக்கறாங்க. உன் கேக் மாதிரிதான். வேக்காடு பத்தலைன்னா அடிச்சதும் தோல் உரியும். உரிஞ்சா துப்பாக்கிக் குழாய் பூரா ஈயம் அப்பிக்கும்.

ஆர்லிஸ்: என் கேக் என்னிக்கு வேகாம இருந்துச்சு?

டுவேன்: தாயே, உன் கேக்கைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லல. அடுத்தது எடு. அந்தத் தங்கக் கலர்.

ஆர்லிஸ்: தங்கம் வேணாம். அறுபத்தி மூணு வயசுல தங்கக் குண்டு சுட்டா ஊரே சிரிக்கும்.

டுவேன்: முதல் தடவையா போட்டியில சுடப் போறே. என்ன கலர்ல சுட்டாலும் சிரிக்கத்தான் போறாங்க.

ஆர்லிஸ்: சிரிக்கட்டும். வெர்லின் பேர்ல நடக்கற போட்டி. அவரு பொண்டாட்டி சுடாம வேற யாரு சுடுவா?

டுவேன்: யாரு வேணாம்னா? ஆனா சனிக்கிழமை நெப்ராஸ்கா ஃபுட்பால் ஆட்டம் வேற இருக்கு. கூட்டம் வருமா தெரியல.

ஆர்லிஸ்: வருவாங்க. செத்தவனுக்கு முதல் வருஷம் எல்லாரும் வருவாங்க. ரெண்டாவது வருஷம்தான் ஆட்டம் பார்க்கப் போவாங்க... ஏய், அந்த ஸ்டூல்ல உக்காராதே.

டுவேன்: ஏன், கால் ஆடுதா?

ஆர்லிஸ்: ஆடல. உக்காராதே, அவ்வளவுதான். இந்த வாளியைக் கவுத்துப் போட்டு உக்காரு.

டுவேன்: முப்பது வருஷமா வந்து போற கராஜ். வாளியில உக்கார வெக்கறே...

ஆர்லிஸ்: வெர்லினோட ஸ்டூல் அது. பெப்பர் விட மாட்டா. பாரு, எப்படிப் படுத்திருக்கான்னு.

டுவேன்: நாய் செல்லம் ஜாஸ்தியாயிடுச்சு இங்க. என்னடி பெப்பர், உனக்கு... அது என்ன?

ஆர்லிஸ்: எது?

டுவேன்: பீப்னு கேட்டுச்சே.

ஆர்லிஸ்: ஓ, அதுவா. வெர்லினோட டைமர். அலமாரி மேல இருக்கு. நீ வேலையைப் பாரு.

டுவேன்: யாரு அழுத்தினா?

ஆர்லிஸ்: யாரும் அழுத்தல.

டுவேன்: அழுத்தாம கத்தாது ஆர்லிஸ். நான் அந்தச் சனியனைத் தினமும் இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியறவன். பொத்தானை அழுத்தணும், கொஞ்ச நேரம் கழிச்சு பீப் அடிக்கும், அப்புறம் சுடணும்.

ஆர்லிஸ்: இது அழுத்தாமலே கத்துது. என்ன பண்ணச் சொல்றே?

டுவேன்: பேட்டரியைக் கழட்டு.

ஆர்லிஸ்: கழட்டறதா? நான் மாசாமாசம் புதுசு போடறேன்.

டுவேன்: ...ஏன்?

ஆர்லிஸ்: தங்கத்தை எடுத்தேன். அடிக்கட்டுமா?

டுவேன்: அடி.

ஆர்லிஸ்: ஒண்ணு... ரெண்டு... மூணு! ஐயோ, இது உரிஞ்சிடுச்சே. வெள்ளையா ஈயம் தெரியுது.

டுவேன்: தங்கம் அவுட். மினுக்கறதெல்லாம் இப்படித்தான். நல்லவேளை, பெட்டியோட வாங்கல.

ஆர்லிஸ்: டுவேன், அந்த டைமரை எடுத்து எத்தனை காட்டுதுன்னு பாரேன்.

டுவேன்: சுத்தியல் சத்தத்தையும் வெடின்னு நெனச்சு எண்ணிக்கும் அது. மூணு காட்டும்... ம்.

ஆர்லிஸ்: என்ன?

டுவேன்: நாலு.

ஆர்லிஸ்: ஆமா.

டுவேன்: என்ன ஆமா? மூணுதானே அடிச்சே? பெப்பர் குலைச்சாளா?

ஆர்லிஸ்: அவ எங்க குலைச்சா? தலையைத் தூக்கி ஸ்டூலைப் பார்த்தா. தினமும் ஒண்ணு கூடுதலா இருக்கும். கதவை ரெண்டு தட்டு தட்டினா மூணு காட்டும். நான் தும்மினா ரெண்டு.

டுவேன்: மெஷின் கெட்டுப் போச்சு. தூக்கிப் போடு.

ஆர்லிஸ்: உனக்கு வேர்க்குது.

டுவேன்: வெயில்.

ஆர்லிஸ்: அக்டோபர்ல வெயிலா? வெளிய மக்காச்சோளம் அறுத்துட்டு இருக்காங்க, கம்பளிக் குல்லா போட்டுக்கிட்டு.

டுவேன்: வயசாச்சு, வேர்க்குது. விடேன். நீலத்துலயே போ. நீலம் நல்ல வேக்காடு, புகை கம்மி, உன் கைக்கு உதையும் கம்மியா இருக்கும்.

ஆர்லிஸ்: கலரை வெச்சே ஆளைச் சொல்லிடலாம்னு வெர்லின் சொல்லுவாரு. மைதானத்துல கீழ கெடக்கற தோட்டாவை எடுத்து, "லெஸ்டர், உன்னுது"ன்னு குடுப்பாராமே?

டுவேன்: லெஸ்டர் மஞ்சள். அவன் பொண்டாட்டி ஊதா. வெர்லின்னா சிவப்பு, சிவப்பைத் தவிர எதையும் தொட மாட்டான். "ராசி"ம்பான்.

ஆர்லிஸ்: நீ?

டுவேன்: நான் கறுப்பு.

ஆர்லிஸ்: எப்பவுமேவா?

டுவேன்: எப்பவுமேதான். என் ட்ரக் கறுப்பு, பூட்ஸ் கறுப்பு, என் முதல் பொண்டாட்டி மனசும் கறுப்பு.

ஆர்லிஸ்: ரெண்டாவது?

டுவேன்: அது இன்னும் வேகல. சுத்தியல்ல அடிச்சுப் பார்க்கணும்.

ஆர்லிஸ்: இரு, அவகிட்டயே சொல்றேன்! சர்ச்சுல இன்னிக்குக்கூட "டுவேன் திருந்திட்டான்"னு பெருமையா பேசிட்டு இருந்தா பாவம்.

டுவேன்: சொல்லிடாதே, சோத்துல மண்ணு விழும்... காபி இருக்கா?

ஆர்லிஸ்: பிளாஸ்க்ல இருக்கு. கொலாச்சி பன்னும் கொண்டாந்திருக்கேன், பாப்பி விதை வெச்சது. வெர்லினுக்குப் பிடிச்சது.

டுவேன்: எனக்கு ஏப்ரிகாட்தான் பிடிக்கும்னு தெரியாதா உனக்கு?

ஆர்லிஸ்: தெரியும்... உன் வகுப்புல என்னப்பா சொல்றே இப்பல்லாம்?

டுவேன்: எந்த வகுப்பு?

ஆர்லிஸ்: மாசாமாசம் க்ளப்புல புதுசா சேர்றவங்களுக்கு எடுக்கறியே, பாதுகாப்பு வகுப்பு. வெர்லினோட உடைஞ்ச துப்பாக்கியைப் படம் போட்டுக் காட்டறியாமே.

டுவேன்: உன்னைக் கேட்டுட்டுத்தானே போட்டேன்...

ஆர்லிஸ்: நான் ஒண்ணும் சண்டைக்கு வரல. நீ அங்க என்ன சொல்றேன்னு கேக்கறேன். நானும் இப்ப புதுசா சேர்றவதானே?

டுவேன்: உனக்குத் தெரியாததா... வீட்டுலயே தோட்டா அடைக்கறவன் எந்நேரமும் கவனமா இருக்கணும்னு சொல்வேன். ஒரு கூட்டுல மருந்து விழாம விட்டுப் போச்சுன்னா, அடியில இருக்கற கேப் மட்டும் வெடிக்கும். குண்டு குழாய்ல பாதி தூரம் போய் நின்னுக்கும். புஸ்ஸுன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஆர்லிஸ்: அப்ப நிறுத்திடணும்.

டுவேன்: நிறுத்தணும். ஆனா போட்டி வேகத்துல காதுல விழாது. கை பழக்கத்துல மேல் இரும்பை இழுத்து அடுத்ததை ஏத்திடும். அதையும் சுட்டா... முன்னால வழி அடைச்சிருக்கு. துப்பாக்கி கையிலயே பிளந்துக்கும்.

ஆர்லிஸ்: விரல் நகம் அளவு இரும்பு. கழுத்துல. கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தாரு, காதுக்கு மூடி போட்டிருந்தாரு. கழுத்துக்கு என்ன போடறது?

டுவேன்: வேணாம் ஆர்லிஸ்.

ஆர்லிஸ்: நீ மாசாமாசம் சொல்லலாம், நான் ஒரு தடவை சொல்லக் கூடாதா? கடைசியில என்ன சொல்லி முடிப்பே?

டுவேன்: முப்பது வருஷம் அடைச்சவனுக்கே தப்பும்னு... யானைக்கும் அடி சறுக்கும்னு.

ஆர்லிஸ்: போன வாரம் மளிகைக் கடையில அந்தச் சின்னப் பொண்ணு முட்டையைப் பையில வெச்சுக்கிட்டே கேக்கறா, "உங்க வீட்டுக்காரருக்கு மறதி வியாதி வந்திருந்துச்சாமே, அப்படியே தோட்டா அடைக்கற மெஷின்ல உக்காருவாராமே"ன்னு. பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தேன். அப்பேர்ப்பட்ட மனுஷனை இந்த ஊர் மறதிக்காரனாக்கிடுச்சு டுவேன்.

டுவேன்: ஊர் வாய்க்குப் பூட்டா போட முடியும்?

ஆர்லிஸ்: சாவி உன்கிட்ட இல்லியா?

டுவேன்: ...என்ன?

ஆர்லிஸ்: ஒண்ணும் இல்ல. காபி ஆறிடும், குடி. அவரு மெஷின்ல உக்காந்தா எப்படி இருப்பாருன்னு உனக்குத் தெரியாதா? ரேடியோ கிடையாது, போன் சமையலறையில. ஒரு தடவை அடுப்புல எண்ணெய் தீப்பிடிச்சு திரைச்சீலை வரைக்கும் எரிஞ்சுது. நானே அணைச்சேன். இந்தக் கதவைத் தட்டினேனா? தட்டல. மெஷின்ல இருக்கறவன்கிட்ட பேசக் கூடாது. நாப்பது வருஷத்துல ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை பேசினது இல்ல நான்.

டுவேன்: தெரியும்.

ஆர்லிஸ்: எல்லாருக்கும் அப்படி ஒரு பொண்டாட்டி வாய்க்க மாட்டா.

டுவேன்: உண்மைதான்... அது என்ன, ஆணியில தொங்குது? அவனோட பெல்ட்டா?

ஆர்லிஸ்: ஆமா. நாப்பதாவது கல்யாண நாளுக்கு நான் குடுத்தது. பேர் பொறிச்சது. போட்டியன்னிக்குக் காலைலதான் குடுத்தேன். சின்னப் புள்ள மாதிரி குதிச்சாரு. பழைய பெல்ட்டுல இருந்த துப்பாக்கி உறை, மேகசின் பை எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தி, கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்து... அளவு கச்சிதம். நீதானே சொன்னே? அவருகிட்ட கேட்டா குட்டு உடைஞ்சிடும்னு உனக்குத்தானே போன் பண்ணேன்.

டுவேன்: ம்.

ஆர்லிஸ்: எவ்வளவு சொன்னே... முப்பத்தெட்டு?

டுவேன்: எனக்கு ஞாபகம் இல்ல. சரி, நான் கெளம்பறேன். நீலத்துல ஐநூறு வாங்கிடு, செவ்வாக்கிழமை வந்து உனக்கு அடைச்சுக் காட்டறேன்.

ஆர்லிஸ்: உக்காரு. என்ன அவசரம்? நான் அடைச்சதைப் பார்க்காமலே போறியா?

டுவேன்: நீ அடைச்சதா?

ஆர்லிஸ்: ஏன், பொம்பளை அடைச்சா வெடிக்காதா? இந்தா. பதினேழு. துப்பாக்கியில மாட்டற ஒரு மேகசினுக்கு எவ்வளவோ அவ்வளவு.

டுவேன்: அடேயப்பா! சிவப்பு வேற. வெர்லினோட குண்டா?

ஆர்லிஸ்: சோதிச்சுச் சொல்லு. குழாயைக் கழட்டி வெச்சிருக்கேன் பாரு, அதுல போட்டுப் பாரு.

டுவேன்: இரு... போட்டா டொக்குன்னு உக்காரணும், கவுத்தா தானா விழணும். டொக்... ம். விழுந்துடுச்சு. அடுத்தது. டொக். இதுவும். ஆர்லிஸ், நெசமாவா நீ அடைச்சே?

ஆர்லிஸ்: எப்படி இருக்கு?

டுவேன்: முதல் தடவை அடைக்கறவன் வாயை அமுக்கறப்ப பூச்சைச் சுரண்டிடுவான். இதுல ஒரு கீறல் இல்ல பாரு. குண்டு உக்காந்த ஆழம் எல்லாத்துலயும் ஒண்ணு போல இருக்கு. அச்சு அசல் என் கை வேலை மாதிரியே இருக்கு!

ஆர்லிஸ்: அப்படியா?

டுவேன்: பொய்யா சொல்றேன்? என்கிட்ட பார்த்துத்தான் கத்துக்கிட்டியா?

ஆர்லிஸ்: உன்கிட்ட இருந்துதான். ஆனா பூச்சு வெந்துச்சான்னு சந்தேகமா இருக்கு. அசிட்டோன்ல துடைச்சுப் பார்க்கணும்பாரே வெர்லின்.

டுவேன்: அடைச்சதுக்கப்புறம் சுத்தியல் ஆகாது, துடைக்கறதுதான் வழி. பஞ்சு குடு. நல்லா வெந்த பூச்சுன்னா பஞ்சுல கலர் ஒட்டாது. இப்படி மூக்கை மட்டும்... ஐயையோ.

ஆர்லிஸ்: என்னாச்சு?

டுவேன்: செக்கச்செவேல்னு வந்துடுச்சே! வாசனையைப் பாரு. ஆர்லிஸ், இது... இது நகத்துக்குப் பூசறது! நெயில் பாலிஷையா பூசி வெச்சே? கெட்டுது போ! இதை க்ளப்புல சொன்னா லெஸ்டர் உருண்டு உருண்டு...

ஆர்லிஸ்: ம்? ஏன் நிறுத்திட்டே? துடை டுவேன். இன்னும் முழுசா போகல... ம், இப்ப சொல்லு. சிவப்புக்கு அடியில என்ன கலர்?

டுவேன்: பச்சை.

ஆர்லிஸ்: என்ன பச்சை?

டுவேன்: கரும்பச்சை... இது எங்க கிடைச்சுது உனக்கு?

ஆர்லிஸ்: அந்தப் பெல்ட்டுல. ஆஸ்பத்திரியில துணிமணியெல்லாம் ஒரு பையில போட்டுக் கட்டிக் குடுத்தாங்க. ஏப்ரல் வரைக்கும் என்னால அதைப் பிரிக்க முடியல. பிரிச்சா, ரெண்டாவது மேகசின் அப்படியே இருக்கு. தொடக்கூட இல்ல. பதினேழு பச்சை.

டுவேன்: வெர்லின் ஏதாவது புதுசா வாங்கிப் பார்த்திருப்பான்.

ஆர்லிஸ்: சிவப்பைத் தவிர தொட மாட்டான்னு இப்பத்தானே சொன்னே?

டுவேன்: அது...

ஆர்லிஸ்: இன்னொண்ணும் கேளு. அவரு அந்தப் போட்டிக்குன்னு அடைச்ச பெட்டி இங்கதான் இருந்துச்சு. பின்கட்டு பெஞ்சுல, பழைய கோட்டுக்கு அடியில. புதுப் பெல்ட் குஷியில மறந்துட்டுப் போயிருக்காரு. இருநூறு அடைச்சாரு, இருநூறும் இருந்துச்சு. சிவப்பு. அப்ப அங்க போய் எதைச் சுட்டாரு?

டுவேன்: க்ளப்புல பச்சை சுடறவங்க நாலு பேர் இருப்பாங்க...

ஆர்லிஸ்: பேர் சொல்லு.

டுவேன்: இருப்பாங்கன்னேன்.

ஆர்லிஸ்: ஆறு பேரைக் கூப்பிட்டேன். ஒருத்தர் ஒருத்தரா, ஞாயித்துக்கிழமைக்கு ஒருத்தர். இதே வாளி, இதே காபி. "நான் அடைச்சது, பாருங்க"ன்னு குடுத்தேன். எல்லாரும் துடைச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. லெஸ்டர், "என்னம்மா இது, அடியில பச்சை, மேல சிவப்பு, உள்ள வெளிய மாறிப்போன தர்பூசணியா?"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சான். அவங்க போனதும் நான் திரும்பப் பூசி வெச்சுடுவேன். நீ ஏழாவது. சிரிக்காதவன் நீ ஒருத்தன்தான். கொலாச்சி சாப்பிடு.

டுவேன்: எனக்கு வேணாம்.

ஆர்லிஸ்: அப்ப வா, பின்பக்கம் மண்மேடு இருக்கு. துப்பாக்கியை மாட்டித் தரேன். பதினேழையும் ஏத்து. பீப் அடிச்சதும் போட்டியில சுடற வேகத்துல சுடு.

டுவேன்: மாட்டேன்.

ஆர்லிஸ்: ஏன்? இவ்வளவு அழகா அடைச்சிருக்குன்னு மெச்சினியே.

டுவேன்: மத்தவன் அடைச்ச தோட்டாவை நான் சுட மாட்டேன். அதுதான் சட்டம். அப்பனே அடைச்சுக் குடுத்தாலும் சுடக் கூடாது. வகுப்புல முதல் பாடமே அதுதான்.

ஆர்லிஸ்: இது மத்தவன் அடைச்சதா?

டுவேன்: ஆர்லிஸ்...

ஆர்லிஸ்: என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. இது மத்தவன் அடைச்சதா டுவேன்?

டுவேன்: ...இல்ல.

ஆர்லிஸ்: வாய் விட்டுச் சொல்லு. பெப்பருக்கும் கேக்கட்டும்.

டுவேன்: நான் அடைச்சது. போதுமா? நான்தான் அடைச்சேன். அந்தப் போட்டிக்குத்தான் முதல் தடவையா பச்சை வாங்கினேன், அன்னியோட விட்டுட்டேன். போட்டியன்னிக்கு ட்ரக்குக்குப் பின்னாடி வெச்சு அவன்தான் கேட்டான். "பெட்டியை மறந்துட்டேன்டா, உன்னுதுல கொஞ்சம் குடு"ன்னான். "சட்டம் என்னாச்சு பெரிய மனுஷா"ன்னு கேலி பண்ணேன். "உன்னுது வேற என்னுது வேறயா?"ன்னு சொல்லி வாங்கிட்டுப் போனான்.

ஆர்லிஸ்: அப்படியா சொன்னாரு?

டுவேன்: அதுதான் அவன் என்கிட்ட கடைசியாப் பேசினது.

ஆர்லிஸ்: துப்பாக்கி வெடிச்சப்ப மைதானத்துல சிதறின மிச்சத் தோட்டா?

டுவேன்: பொறுக்கிட்டேன். எல்லாரும் அவன்கிட்ட ஓடினாங்க. நான் சரளைக் கல்லுல மண்டி போட்டுப் பச்சையைப் பொறுக்கிட்டு இருந்தேன். நாய்கூட அப்படிப் பண்ணாது.

ஆர்லிஸ்: ஒரு வருஷம்... சவப்பெட்டியோட முன் பக்கத்தைத் தூக்கினியே டுவேன். அப்புறம் மாசாமாசம் அவரு படத்தைப் போட்டு, யானைக்கு அடி சறுக்கிடுச்சுன்னு... யானைக்குச் சறுக்கல. நீ எண்ணெய் ஊத்தி வெச்சிருந்தே.

டுவேன்: அடி. அந்தச் சுத்தியலை எடுத்து அடி. நான் தடுக்க மாட்டேன்.

ஆர்லிஸ்: உன்னை அடிச்சு எனக்கென்ன ஆகப் போகுது? இந்தப் பதினேழையும் எடை போட்டேன். பதினாறு ஒரே எடை. ஒண்ணு மட்டும் லேசு.

டுவேன்: லேசா? இதுலயுமா?

ஆர்லிஸ்: உள்ள மருந்தே இல்ல. வெர்லினுக்கு வாய்ச்சது ஒண்ணு, இது இன்னொண்ணு.

டுவேன்: அஞ்சு எடுத்தேனே! அஞ்சு எடுத்தேன் ஆர்லிஸ்... அப்ப ஏழா?

ஆர்லிஸ்: என்ன அஞ்சு? என்ன ஏழு? தெரிஞ்சே குடுத்தியா?

டுவேன்: சத்தியமா இல்ல! எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு நெனச்சேன். நான் அடைச்சுட்டு இருந்தேன். நடுவுல கை நிறுத்த வேண்டி வந்துச்சு. நிறுத்தறப்போ மருந்துக் குடுவையோட வாயை மூடிடணும், வெர்லின் சொல்லிக் குடுத்தது. மூடினேன். திரும்பி வந்து திறக்க மறந்துட்டேன். பிடியை இழுக்கறேன், இழுக்கறேன், தோட்டா வந்து விழுது, உள்ள மருந்து இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் குடுவையில மட்டம் குறையலையேன்னு பார்த்தேன். உடனே பெட்டியில மேல கெடந்ததையெல்லாம் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பார்த்து, அஞ்சை எடுத்துப் போட்டேன். அஞ்சுதான்னு நெனச்சேன்...

ஆர்லிஸ்: எடை போட்டிருக்கலாம்.

டுவேன்: போட்டிருக்கலாம்.

ஆர்லிஸ்: ஒரு தராசுல வெக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

டுவேன்: அரை மணி நேரம். ராத்திரியெல்லாம் அந்த அரை மணி நேரத்தைத்தான் எண்ணிட்டுப் படுத்திருக்கேன்.

ஆர்லிஸ்: சனிக்கிழமை சொல்லணும் நீ. போட்டி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, அத்தனை பேர் முன்னாலயும். வெர்லினுக்கு மறதியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல, அவரு அடைச்ச இருநூறும் வீட்டுல பத்திரமா இருக்குன்னு சொல்லணும்.

டுவேன்: சொல்றேன்.

ஆர்லிஸ்: எப்படி நடந்துச்சோ அப்படியே. ஒண்ணு விடாம.

டுவேன்: ஒண்ணு விடாமயா?

ஆர்லிஸ்: ஆமா.

டுவேன்: என் தப்பு, நான் எடை போடலைன்னு சொல்றேன் ஆர்லிஸ். அது போதும். அதோட விட்டுடு.

ஆர்லிஸ்: பாதியை முழுங்கறதுக்கா உன்னை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்? எதுக்குக் கையை நிறுத்தினே? மெஷின்ல இருக்கறப்போ எதுக்கு எழுந்தே?

டுவேன்: போன் அடிச்சுது.

ஆர்லிஸ்: போனா? வெர்லின் அத்தனை தடவை தலையில அடிச்சுச் சொல்லியும் மெஷின் பக்கத்துல போனா வெச்சிருந்தே?

டுவேன்: ஆமா.

ஆர்லிஸ்: யாரு கூப்பிட்டா?

டுவேன்: யாரோ.

ஆர்லிஸ்: யாரு?

டுவேன்: அவங்க மேல தப்பு இல்ல. அவங்களுக்கு என்ன தெரியும், நான் மெஷின்ல இருக்கேன்னு? எடுத்தது நான். எண்ணத் தெரியாம விட்டது நான்.

ஆர்லிஸ்: ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசாம நாப்பது வருஷம் காத்தேன் டுவேன் நான் என் புருஷனை. எவளோ எவனோ உனக்கு ஒரு போன் போட்டு... பேரைச் சொல்லு. அவங்களும் சனிக்கிழமை வந்து உன் பக்கத்துல நிக்கட்டும்.

டுவேன்: வேணாம். ஒரு வருஷமா நான் வாயைத் திறக்காததுக்கு என் பயம் பாதிதான் காரணம். மீதி... வேணாம்மா. கெஞ்சிக் கேக்கறேன்.

ஆர்லிஸ்: மீதி என்ன?

டுவேன்: அதோ. டைமர் மறுபடி அடிக்குது.

ஆர்லிஸ்: அடிக்கட்டும். பெப்பரைப் பாரு, எப்படி உக்காந்திருக்கான்னு. அவருக்கும் தெரியணும் டுவேன். சொல்லு. யாரு கூப்பிட்டா, என்ன கேட்டாங்க?

டுவேன்: "வெர்லினுக்கு இடுப்பு எவ்வளவு"ன்னு கேட்டே, ஆர்லிஸ். முப்பத்தெட்டுன்னு சொல்லிட்டு, வந்து பிடியை இழுத்தேன்.